வெறும் வயிற்றில்

ஒன்றும் நினைக்காமல் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு முப்பிடாதி சிஸ்டர் பச்சைத் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கையை மேசைமேல் தளர விட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இத்தனையும் செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிற அன்று உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நினைக்காமல் இருப்பதற்கு உடம்பில் எந்த இடத்தைத் தளர விட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. இடது கையில் பட்டை சுற்றியிருக்கிறது. இன்னும் காற்று ஏறவில்லை. ஏறாத பட்டைக்கே கை பயப்படுகிறது, உள்ளே எங்கோ ஒரு துடிப்பு பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. ஜன்னல் பாதி திறந்திருக்கிறது. சாரல் காற்று. இந்த மாதத்தில் தென்காசியில் காற்றுக்குக் கதவு ஜன்னல் என்ற மரியாதையெல்லாம் கிடையாது, சுவரில் மாட்டியிருக்கும் மருந்துக் கம்பெனிக் காலண்டரைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. காலண்டரில் இரண்டு சிறுநீரகங்களின் படம். அவரை விதைபோல இருக்கும் என்பார்கள், எனக்கு அவை காதுகளாகத் தெரிகின்றன, உடம்புக்குள் நடப்பதை ஒட்டுக் கேட்பதற்காக யாரோ முதுகுப்பக்கம் பொருத்திவிட்டுப் போன காதுகள். போன தடவை பிரஷர் நூற்று எழுபது. அதற்கு முந்தின தடவையும் கிட்டத்தட்ட அதேதான். எண் என்றால் எனக்கு மராத்தியில்தான் வரும். தாராவியில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளி, அதற்கப்புறம் மராத்திப் பள்ளி, அழுகை தமிழிலும் கணக்கு மராத்தியிலும் என்று அப்போதே பங்கு பிரிந்துவிட்டது. சிஸ்டர் நூத்தி எழுபது என்றதும் உள்ளே ஒருவன் ஏக்‌ஷே சத்தர் என்று குறித்துக்கொள்கிறான். அவனுக்குப் பயம் கிடையாது, அவன் குமாஸ்தா. பயப்படுகிறவன் இன்னொருவன். அவனுக்கு எண் தெரியாது, அண்ணனின் கை மட்டும்தான் தெரியும்.

அண்ணனை இப்போது நினைக்கக் கூடாது. நினைத்தால் ஏறும். ஏறினால் திருநெல்வேலி. போன தடவை ஜமீலா டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிற டாக்டர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு. ரெண்டு மாத்திரை போட்டும் இறங்க மாட்டேங்குது கோமதிநாயகம், சிறுநீரில புரோட்டீன் வேற ஒழுகுது, இந்தத் தடவையும் இப்படியே இருந்தா திருநெல்வேலியில சிறுநீரக டாக்டர்கிட்ட அனுப்பிருவேன். ஒழுகுது என்றார். வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். இருபது வருஷத்துக்குமேல் மும்பையில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் ஒழுகுவதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. தெரு அடங்கிய பிறகு ஓர் இரும்புக் கம்பியைத் தார்ச்சாலையில் ஊன்றி, அதன் மறுநுனியைக் காதில் வைத்துக் குனிந்து நிற்க வேண்டும். நல்ல குழாய் பேசாது. ஓட்டை விழுந்த குழாய் ஸ்ஸ் என்று ஒரே மூச்சில், நிறுத்தாமல், கோபமும் இல்லாமல் பேசிக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடினால் முதலில் போவது பெரிய குழாய் இல்லை, அது தாங்கும். சந்துக்குள் போகிற விரல் பருமன் குழாய்கள்தான் போகும், வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது, குழாயில் தண்ணீர் வருகிறதே என்று குளித்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருப்பார்கள், அடியில் மண் கரைந்துகொண்டிருக்கும். அந்தக் கம்பியை இப்போது என் இடுப்புக்குப் பின்னால் யாராவது ஊன்றிக் கேட்டால் என்ன கேட்கும். அந்தச் சத்தம்தான் கேட்கும். காலையில் ஏழு மணிக்கே இரத்தமும் சிறுநீரும் கொடுத்தாயிற்று, பக்கத்துக் கட்டடத்து லேபில் இந்நேரம் ஒரு மிஷின் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். காகிதம் இப்போது வரும் அப்போது வரும் என்கிறார்கள். வெளியே செருப்புச் சத்தம். அது காகிதம் இல்லை, யாரோ தண்ணீர் குடிக்கப் போகிறார்கள்.

அண்ணனுக்கும் தெரியவில்லை. சங்கரலிங்கம் அண்ணன் தோல் பட்டறையில் வெட்டுவேலை பார்த்தவன், அவன் சட்டையில் எப்போதும் உப்பு நாறும், ஆட்டுத்தோலை உப்புப் போட்டுத்தான் அடுக்கி வைப்பார்கள், வீட்டுக்கு வந்து சோற்றிலும் அதே உப்பு, அப்பளம் இல்லாமல் கை நனைக்க மாட்டான், கருவாடு இருந்தால் பாட்டுப் பாடுவான். அவனுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தலை சுற்றினால் போடுவான், சுற்றாவிட்டால் விட்டுவிடுவான். மண்டையில வலி இல்லல, பின்ன எதுக்குல மாத்திரை, வலிக்காத பல்ல எவனாவது பிடுங்குவானா என்று கேட்பான், கேட்டுவிட்டு அவனே சிரிப்பான். சிரிப்பு நன்றாக இருக்கும், அதனால் எல்லாரும் ஒப்புக்கொள்வோம். கால் வீங்கியபோது நின்று நின்று வேலை பார்ப்பதால் என்றோம். முகம் வீங்கியபோது தூங்கி எழுந்ததால் என்றோம். ஒரு நாள் படியேற முடியாமல் மூச்சு நின்றபோது ஆஸ்பத்திரியில் இரண்டும் போய்விட்டது என்றார்கள், இரண்டும் என்றால் எது இரண்டும் என்று மதினி கேட்டாள். அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மிஷின். முன்னங்கையில் இரத்தக் குழாயைக் குழாயோடு சேர்த்துத் தைத்த இடம் கயிறுபோலப் புடைத்திருக்கும், தொட்டால் உள்ளே தேனீக்கூடு மாதிரி அதிரும், தொட்டுப் பாருல, கரண்டு ஓடுது என்று என் விரலைப் பிடித்து வைப்பான். அந்த அதிர்வுதான் இப்போது இந்தப் பட்டைக்கடியில். இல்லை, இது என்னுடைய நாடித்துடிப்பு, எல்லாருக்கும் இருப்பது, பட்டை சுற்றினால் யாருக்கும் தெரிவது. பாதம் தரையில் இருக்கிறதா, இருக்கிறது. முதுகு சாய்ந்திருக்கிறதா, எப்போதோ நிமிர்ந்துவிட்டிருக்கிறது, சாய்த்துக்கொள்கிறேன். அவனுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், கூட வந்தவங்களுக்கும் பாக்கோம், கையை நீட்டுங்க என்று அங்கிருந்த நர்ஸ் எனக்கும் பட்டையைச் சுற்றினாள். எண்ணைச் சொன்னாள். அண்ணன் படுத்தபடியே என்னைப் பார்த்தான், அன்றைக்கு ஜோக் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் போன பிறகு மும்பை எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மனைவி செண்பகத்தோடு இங்கே வந்தேன், மகளுக்கு அங்கே வேலை, அவள் அங்கேயே. அப்பளத்தை விட்டேன், ஊறுகாயை விட்டேன், காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன், மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை, இராத்திரி படுக்கும்போது ஒன்று, காலையில் ஒன்று, என் கையிலேயே விடாமல் செண்பகம் எடுத்துத் தருகிறாள். அப்படியும் இங்கே வந்து உட்கார்ந்தால் நூற்று எழுபது. வீட்டில் ஒரு மிஷின் இருக்கிறது, மகள் அனுப்பினாள், அதில் பார்த்தால் நூற்று முப்பது காட்டும், சில நாள் அதற்கும் கீழே. முதலில் சந்தோஷப்பட்டேன், அப்புறம் அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மகள் அனுப்பிய மிஷின், அப்பாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவளுடைய குணமே அதற்கும் வந்துவிட்டது, பாசக்கார மிஷின், ஆளைப் பார்த்து எண் சொல்கிறது என்று அலமாரியில் தூக்கி வைத்துவிட்டேன். கெட்ட எண்ணைச் சொல்கிறவனைத்தான் நம்பத் தோன்றுகிறது. நல்லதைச் சொன்னால் இவனுக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று தோன்றுகிறது. ஆகவே இதுதான் உண்மை, இந்த நாற்காலி, இந்தப் பட்டை, அந்தக் காகிதம். காகிதம் கெட்டதாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆறு மாதத்துக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மிஷினில் படுக்க மாட்டேன். அண்ணனைப்போல வாரம் மூன்று நாள் ஒருத்தியைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைய விட மாட்டேன். மதினி அந்த நாலு வருஷத்தில் எப்படிக் கிழவியானாள் என்று பார்த்தவன் நான். சிறுநீரகம் நிற்கும்போது நானும் நின்றுகொள்கிறேன் என்று செண்பகத்திடம் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்துவைத்திருக்கிறேன். நல்ல வாக்கியம், கொஞ்சம் நீளம், அவள் நடுவில் பேசவிட மாட்டாள், ஆகவே சுருக்கிச் சுருக்கி, இப்போது அதில் நாலைந்து சொற்கள்தான் மிச்சம். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது, மாடு வண்டியோடு பாலத்தில் ஏற மறுப்பதுபோல, எத்தனை அதட்டினாலும். திரும்பவும் முதலிலிருந்து. பாதம் தரையில். முதுகு நாற்காலியில். வாக்கியம் தொண்டையில். வயிறு காலி, சுத்தமாகக் காலி, நேற்று இரவு எட்டு மணிக்குமேல் பச்சைத்தண்ணீர்கூட இல்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது.

திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் செண்பகத்தின் குரல். அவளுக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, வேலம்மாள் என்று சொல்லிக்கொண்டாள், நாங்கள் வரும்போதே பெஞ்சில் பாதியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பை முருங்கைக்காய், டாக்டருக்காம். "எங்க வீட்டு மனுஷனுக்கு ஏறிச்சுன்னா குக்கருக்குக் கேஸ் வேண்டாம் மைனி, அவிய தலையில வச்சாலே மூணு விசில் வந்துரும்" என்கிறாள். செண்பகம் சிரிக்கிறாள். "உப்பக் குறைங்கன்னு டாக்டரம்மா சொன்னாவ. நான் உப்ப அடியோட நிறுத்திட்டேன். இப்ப முழுக்க இந்துப்புதான். அது உப்பு இல்லல்லா." "அதுவும் உப்புதானாம்க்கா. எங்க வீட்டுக்காரங்க டாக்டர்கிட்ட கேட்டாங்க." "அதுவும் உப்பா? அப்ப அந்த விலை கொடுத்து நான் வாங்குனது?" "விலையுள்ள உப்புக்கா." இப்போது இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு திரையில் காற்றோடு சேர்ந்து மோதுகிறது, எனக்கும் உதடு விரிகிறது, பேசத்தானே கூடாது என்றாள், சிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. செண்பகம் இன்னும் சாப்பிடவில்லை. சோதனை நாளில் நான் பட்டினி என்றால் அவளும் பட்டினி, டாக்டர் பார்த்து முடிக்கிறவரை அவளுக்கும் ஒன்றும் இறங்காது, எத்தனை சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. பசியோடு இப்படிச் சிரிக்க அவளுக்கு எப்படி முடிகிறது. அந்த முகத்தைப் பார்த்து நாலைந்து சொற்களை நான் எப்படி. வேலம்மாள் கேட்கிறாள், "நீங்களும் வெறும் வயித்துலயா வந்திருக்கீங்க?" செண்பகத்தின் குரல் நிமிர்கிறது, பெருமை வரும்போது அவள் குரல் நிமிரும், நான் பார்க்காமலே அவள் முந்தானையைச் சரிசெய்துகொள்வது தெரிகிறது. "நான் இதுல ரொம்பக் கண்டிஷன்க்கா. லேபுல ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் வாயில போடக் கூடாதுன்னு சொல்லிட்டா, பச்சத்தண்ணி பல்லுல பட விட மாட்டேன். ராத்திரி மாத்திரையக்கூட எடுத்து ஒளிச்சு வச்சிருவேன். காலை மாத்திரையும் கிடையாது. எல்லாம் டாக்டரப் பாத்துட்டு வீட்டுக்குப் போய்தான். அதெல்லாம் சுத்தமா இருக்கணும்லா, இல்லன்னா டெஸ்டு தப்பாக் காட்டிரும்." "அது சரி," என்கிறாள் வேலம்மாள், "விரதம்னா விரதந்தான்."

அது எனக்குத் தெரியாததா. நேற்று இரவு அவள் எடுத்து வைத்தபோது நானும்தான் சரி என்றேன். அதற்கு முந்தின தடவையும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இரத்தம் எடுக்கிறபோதெல்லாம் இப்படித்தான். டாக்டரிடம் வருவதே இரத்தம் கொடுத்த அன்றைக்குத்தான், ஆகவே டாக்டரிடம் வருகிற நாளெல்லாம். நினைப்பு இந்த இடத்தில் ஒரு கல்லில் தட்டுகிறது. தட்டிவிட்டு மேலே போகிறது, பிறகு எதையோ கீழே போட்டுவிட்டு வந்ததைப்போலத் திரும்பி வருகிறது. வருகிற நாளெல்லாம். வீட்டில் நூற்று முப்பது, இங்கே நூற்று எழுபது. வீட்டில் மாத்திரை போட்ட கை, இங்கே போடாத கை. ஏக்‌ஷே தீஸ் என்கிறான் உள்ளே குமாஸ்தா, ஏக்‌ஷே சத்தர் என்கிறான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பென்சிலால் தட்டுகிறான். இருடே, பொறு, அவசரப்படாதே, ஆசைப்படுகிறவன் கணக்குப் போடக் கூடாது, தார்ச்சாலையில் கம்பியை ஊன்றி நிற்கிறபோதும் இதுதான் பாடம், கேட்க ஆசைப்படுகிற சத்தம் எந்தக் குழாயிலும் கேட்கும். திரை விலகுகிறது. முப்பிடாதி சிஸ்டர். அவள் என்னைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பிப் பெஞ்சைப் பார்க்கிறாள். "யக்கா, இப்ப என்ன சொன்னீங்க? மாத்திரை போடலையா?" "வெறும் வயித்துல வரச் சொன்னீங்களே." "எத்தன தடவையா இப்படிச் செய்யுதீங்க?" செண்பகத்தின் குரலில் இருந்த நிமிர்வு அப்படியே நிற்கிறது, உட்காரத் தெரியாமல். "எல்லாத் தடவையுந்தான்." சிஸ்டர் பட்டையில் கை வைத்தவள் எடுத்துவிட்டு, "டாக்டரம்மா!" என்று உள்ளே கத்தினாள், பேசக் கூடாது என்று சொன்ன அதே அறையில், தெருவுக்குக் கேட்கும்படி.

ஜமீலா டாக்டர் ஒரு கையில் எங்கள் லேப் காகிதத்தோடு வந்தார், அது எப்போது வந்தது என்று தெரியவில்லை, என் கண் அந்தக் காகிதத்தைவிட்டு நகரவில்லை. அவரோ அதைப் பார்க்காமல் செண்பகத்தைப் பார்த்தார். "மாத்திரை சாப்பாடா?" செண்பகம் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வாய்த் தண்ணியோட போட்டுட்டு வந்தா எந்த டெஸ்டும் கெடாது. ராத்திரி மாத்திரை இல்ல, காலை மாத்திரை இல்ல, தண்ணி இல்ல, சாப்பாடு இல்ல, பயம் மட்டும் வயிறு நிறைய. அப்படி ஒருத்தரைக் கொண்டுவந்து உட்கார வச்சு, எறங்கலையே எறங்கலையேன்னு நான் மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கேன். மூணாவது மாத்திரை எழுதணும்னு இருந்தேன் இன்னைக்கு. நீங்க சொல்லலை சரி, நானும் கேக்கலை பாருங்க. போட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." வேலம்மாள் பெஞ்சிலிருந்து, "நானும் இன்னைக்கு மாத்திரை போடல டாக்டரம்மா" என்றாள். "உங்களுக்குத் தனியா இருக்கு" என்றார் டாக்டர். எனக்குப் பேசலாமா கூடாதா என்று தெரியவில்லை, பட்டை இன்னும் கையில் இருந்தது. "காகிதம்" என்றேன். ஒரு சொல்தான். அது தமிழில் வந்ததா மராத்தியில் வந்ததா என்றுகூட ஞாபகமில்லை. இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றாமலே படித்தார். "கிரியாட்டினின் ஒண்ணு, நல்லா இருக்கு. புரோட்டீன் போன தடவை நூத்தி எண்பது இருந்தது. இப்ப நாப்பத்தி ரெண்டு. முப்பதுக்குக் கீழ வரணும், வந்துக்கிட்டு இருக்கு. சிறுநீரகம் மாசம் முழுக்க உள்ளதைத்தான் சொல்லும், ஒரு நாள் கூத்துக்கு ஏமாறாது. மாசம் முழுக்க நீங்க ஒழுங்காத்தான் இருந்திருக்கீங்க. வீட்ல மிஷின் இருக்கா?" இருக்கிறது என்றேன். "என்ன காட்டுது?" சொன்னேன். "பின்ன ஏன் அதை என்கிட்ட சொல்லவே இல்ல?" அது பாசக்கார மிஷின் என்று அவரிடம் எப்படிச் சொல்ல. "நம்பல டாக்டர்" என்றேன். "அடுத்த வாரம் மாத்திரை போட்டுட்டு, சாப்பிட்டுட்டு, அதையும் தூக்கிட்டு வாங்க, எங்க மிஷின் பக்கத்துல வச்சுப் பாப்போம். திருநெல்வேலி இப்ப வேண்டாம். ஆனா இது குணமாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, மாத்திரைய விடுறதுக்கு இல்ல, அது தெரியும்லா?" தெரியும். அண்ணனைத் தெரியுமே எனக்கு. சிஸ்டர் என் மாத்திரையைக் கேட்டாள், செண்பகத்தின் பைக்குள்தான் இருந்தது, ஒளித்து வைத்ததைக் கூடவே கொண்டுவந்திருக்கிறாள், வீட்டில் விட்டால் நான் கண்டுபிடித்துப் போட்டுவிடுவேனாம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். செண்பகமே பிரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். விழுங்கினேன். தொண்டையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த அந்த நாலைந்து சொற்களையும் தள்ளிக்கொண்டு மாத்திரை இறங்குவது நெஞ்சுக்குள் தெரிந்தது.

தெருவில் சாரல் விழுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு மழை. செண்பகம் குடையை விரிக்காமல் முன்னால் நடக்கிறாள், பின்னலின் நுனியில் துளிகள். நான் கால் கீழே பாவாமல் நடக்கிறேன், வேகம் இல்லை, எடைதான் இல்லை. நாற்பத்திரண்டு, பேசாளிஸ், பேசாளிஸ் என்று குமாஸ்தா எனக்குள் பஜனைபோலச் சொல்லிக்கொண்டு வருகிறான், பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கியிருக்கிறது, பேசாளிஸ், ஒரு ஆட்டோவின் முதுகில் இரண்டு மாட்டுக் கொம்பு வரைந்திருக்கிறது, பேசாளிஸ். தார்ச்சாலை ஈரத்தில் மினுங்குகிறது, அதனடியில் இந்த ஊர்க் குழாய்கள் ஓடுகின்றன, எதுவும் பேசவில்லை, எல்லாம் வாயை மூடிக்கொண்டு அதனதன் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. சந்தோஷத்தில் ஒரு ஓரம் மட்டும் குத்துகிறது, இவ்வளவுதானே அண்ணே, தினம் இரண்டு தடவை, வலிக்காத பல்லுக்கு, இவ்வளவுதானே. அவனுக்குக் கேட்காது. கேட்டால் ஒரு ஜோக் சொல்வான். ஹோட்டலுக்குள் நுழைகிறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின ஈ ஓட்டும் நேரம், ஓர் ஆள் தலையில் துண்டோடு வந்து, "இட்லி இருக்கு, பொங்கல் தீந்துபோச்சு" என்கிறார். செண்பகம் மேசையின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நாந்தானா," என்கிறாள். "இத்தன நாளா நாந்தானா உங்களுக்கு ஏத்தி விட்டுட்டு இருந்தேன்." "நானுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சேந்துதான்." "எங்க அம்மா சொல்லுவா, உனக்குக் கண்டிஷன் அதிகம்டி, கட்டுனவன் பாடு கஷ்டம்னு." "பட்டது உண்மைதான்." அவள் நிமிர்ந்து முறைக்கிறாள், முறைக்கிறதற்குள் சிரிப்பு முந்திக்கொள்கிறது. முதல் தட்டு வருகிறது. வழக்கம்போல என் பக்கம் தள்ளுகிறாள். நான் அவள் பக்கம் தள்ளுகிறேன். "நீ சாப்பிடு." "நீங்க சாப்பிடாம நான் என்னைக்குச் சாப்பிட்டிருக்கேன்?" "அந்தக் கண்டிஷனயும் இன்னையோட விடு." கொஞ்சம் பார்த்தாள், பிறகு இட்லியைப் பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்தில் இவள் பசியோடு சாப்பிடுவதை நான் பார்த்ததே இல்லை, எப்போதும் நான் கை கழுவிவிட்டு எழுந்தபின் நடக்கிற காரியம் அது. வேகமாகச் சாப்பிடுகிறாள், சட்னியைப் பாதியில் மறந்துவிடுகிறாள், கன்னம் ஒரு பக்கம் புடைக்கிறது. அந்த வாக்கியத்தை இவளிடம் சொல்லாமல் போனது என் வாழ்நாளின் ஆகப்பெரிய அதிர்ஷ்டம் என்று தோன்றுகிறது, இனி எப்போதும் சொல்ல வேண்டாம், எனக்குள்ளேயே அது செரித்துப் போகட்டும். வாயில் இட்லியோடு அவள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை, என்ன என்றேன்.

"ஒண்ணும் இல்ல. திருநெல்வேலிக்குப் போகச் சொன்னா என்ன செய்யணும்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன், அதைச் சொன்னேன்."

"என்ன முடிவு?"

"எனக்கும் ஓ பாசிட்டிவ், உங்களுக்கும் ஓ பாசிட்டிவ். எனக்குப் பிரஷர் இல்ல, சுகர் இல்ல. டாக்டரம்மாகிட்ட முன்னாடியே தனியாப் போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். பெண்டாட்டி கொடுக்கலாமாம். நிறைய டெஸ்ட் எடுப்பாங்களாம், ஆனா கொடுக்கலாமாம்." இரண்டாவது இட்லியைச் சாம்பாரில் முக்கினாள். "மதினி மாதிரி மிஷின் பின்னால அலைய என்னால ஆகாது, சொல்லிட்டேன். ஒண்ணைக் கழட்டிக் கொடுத்துட்டு, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணோட இருந்துக்கலாம்னு இருந்தேன்."

என் தட்டு வந்துவிட்டிருந்தது. அதில் ஆவி பறந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தேன், அது காலி என்று வாய்க்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவளோ அதைக் கவனிக்காமல், பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளிடம் இன்னொரு வடை சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே தேவை இல்லல்லா. ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும். சாப்பிடுங்க, ஆறுது."